சங்கத்து நோட்டும் பி.காம். பாடமும்

ஊர்ப்பேச்சில் ‘சங்கம்’ என்கிற மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் முதலில் வேர்விட்ட மண் தர்மபுரி. ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் இந்த மாவட்டத்தில் தொடங்கிய முயற்சிதான் பிறகு மகளிர் திட்டமாகி மாநிலம் எங்கும் பரவியது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அப்போது தர்மபுரியோடுதான் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஊருக்குச் சிலரே என்றிருந்த கிராமங்களில், பன்னிரண்டு பேர், இருபது பேராகக் கூடி உட்கார்ந்து சேமிப்புக் கட்டினார்கள், தங்களுக்குள் கடன் கொடுத்தார்கள், தவணை பிசகாமல் வசூலித்தார்கள். அத்தனையையும் எழுதியும் வைத்தார்கள். தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ் புத்தகம். குழுவில் எட்டாவதோ பத்தாவதோ படித்த ஒருத்தி ஊக்குநர் ஆவாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டல் ஒரு ரூபாய் இடித்தாலும் கூட்டம் கலையாது.

அந்த நோட்டுகள் இருக்கும் வீடுகளிலிருந்துதான் இன்று பிள்ளைகள் பி.காம். படிக்க வருகிறார்கள். தர்மபுரி அரசு கலைக் கல்லூரி, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி அரசுக் கல்லூரிகள், காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரி, இவை தவிர நல்லம்பள்ளிப் பக்கமும் மற்ற ஊர்களிலும் இருக்கும் தனியார் கல்லூரிகள் எல்லாம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. வணிகவியல் வகுப்புக்குள் நுழைந்து ‘வீட்டில் நீங்கள்தான் முதலில் கல்லூரிக்கு வருகிறீர்களா?’ என்று கேட்டால் உயரும் கைகளே அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.54 சதவீதம் என்று மாநிலத்தின் கடைசி இடத்தில் இருந்த மாவட்டம் இது.

இந்தப் படிப்பைப் பற்றி ஊரில் நடக்கும் பேச்சுதான் எனக்குப் பெரும் வருத்தம். “இன்ஜினீயரிங் சேர்க்க வசதியில்லை, நர்சிங்கும் அமையல, சரி பி.காமாவது படிக்கட்டும்னு விட்டுட்டோம்” என்று பெற்றோரே பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். ஏதோ ஒரு டிகிரி, அவ்வளவுதான் என்ற எண்ணம் பதினேழு வயதிலேயே பிள்ளையின் மனதிலும் பதிந்துவிடுகிறது. தர்மபுரிக்கு இன்றைக்கு வேறு எந்தப் பட்டத்தைவிடவும் அதிகம் தேவைப்படுவது வணிகவியல் பட்டம்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்தப் பட்டத்துக்காக நடத்தப்படும் பாடத்தில் தர்மபுரி இல்லை. குறை அங்கேதான்.

கணக்கு எழுதும் அதிகாரம் இங்கே யார் கையில் இருந்தது என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, குடியானவர் ஒவ்வொருவர் பெயரிலும் தீர்வையை எழுதினார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறைக்கு முதல் சோதனைக் களம் இந்தச் சீமை. எந்தச் சர்வே எண், எத்தனை ஏக்கர், எவ்வளவு கிஸ்தி என்பதெல்லாம் ஏட்டில் ஏறின. அந்த ஏடு இருந்தது கிராமக் கணக்கரான கர்ணத்தின் வீட்டில். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று பரம்பரையாக வந்த பதவி அது. தன் நிலம் எந்தப் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே குடியானவன் கர்ணத்தின் திண்ணைக்குக் கீழே நின்று கேட்க வேண்டியிருந்தது. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது, அவற்றுக்குப் பதிலாக வந்த வி.ஏ.ஓ. பதவிக்குத் தேர்வு எழுதி யாரும் வரலாம் என்றானது. ஒன்பது ஆண்டு கழித்து மகளிர் குழு வந்தது. இப்போது அந்தக் குடியானவர் வீட்டுப் பெண்ணே பேரேடு எழுதப் படிக்கிறாள். சமூக நீதியின் வரலாற்றில் இது ஒரு பெரிய அடி. பி.காமை ‘ஏதோ ஒரு டிகிரி’ என்று சொல்லும்போது இந்த அடியை நாம் பார்க்கத் தவறுகிறோம்.

சரி, அந்தப் பெண் வகுப்புக்குள் போனதும் என்ன நடக்கிறது?

பிளஸ் டூவில் மூன்றாவது குரூப் எடுத்து, கணக்குப்பதிவியலைத் தமிழில் படித்துவிட்டு வந்தவள் அவள். பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று இரண்டு வருடம் எழுதிய கை. முதல் செமஸ்டரில் ரெட்டி – மூர்த்தி எழுதிய ‘பைனான்ஷியல் அக்கவுண்டிங்’ புத்தகம் மேசைக்கு வருகிறது. சென்னை மார்கம் பதிப்பகத்தின் அந்தத் தடிப் புத்தகத்தைத் தெரியாத பி.காம். மாணவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். சீனியரிடமிருந்து பாதி விலைக்கு வாங்கிய பிரதியில் ஏற்கெனவே பென்சிலால் போட்ட விடைகள் இருக்கும். கணக்கு அவளுக்குத் தெரியும், கேள்விதான் புரியவில்லை. நான்கு வரி ஆங்கிலக் கேள்வியில் எது கொள்முதல், எது திரும்பி வந்த சரக்கு என்று பிரிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. தர்மபுரிக் கல்லூரிகளில் முதல் வருடத்தில் அரியர் வைப்பவர்களில் பலர் கணக்கில் தோற்றவர்கள் அல்லர், கேள்வியின் மொழியில் தோற்றவர்கள். ஆங்கில வழிப் படிப்பானாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று யூ.ஜி.சி. 2023 ஏப்ரலில் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கேட்டுக்கொண்டது. நல்லதுதான். ஆனால் விடையைத் தமிழில் எழுதலாம் என்றால் மட்டும் போதாது. முதல் இரண்டு செமஸ்டர்களுக்காவது வினாத்தாளில் ஒவ்வொரு கணக்கையும் இரு மொழியிலும் அச்சிட வேண்டும். பிளஸ் டூ தேர்வில் செய்கிற காரியம்தானே, பல்கலைக்கழகத்தால் ஏன் முடியாது?

மொழியைத் தாண்டினால் அடுத்த சுவர், பாடத்தில் வரும் உலகம். இந்தியாவில் வணிகக் கல்வி 1886-ல் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் தொடங்கிய வணிகப் பள்ளியில் பிறந்தது. 1913-ல் பம்பாயில் சிடென்ஹாம் கல்லூரி வந்தது. இரண்டுமே துறைமுக நகரங்கள். கப்பலில் சரக்கு அனுப்பும் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் கணக்கர்கள் தேவைப்பட்ட காலம். பாடத்தின் உதாரணங்களும் அங்கிருந்தே வந்தன, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டன. மும்பை ஏ, கொல்கத்தா பி-க்கு நூறு பெட்டி சரக்கு அனுப்பினார். வழியில் ஐந்து பெட்டி சேதம். பி-க்குக் கமிஷன் ஐந்து சதவீதம். இரண்டு பேர் புத்தகத்திலும் கணக்கெழுதுக. கன்சைன்மென்ட் அத்தியாயத்தின் வழக்கமான கணக்கு இது.

இதை நடத்தும் வகுப்பில் பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயியின் மகன் உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பா விடிகாலையில் தக்காளியைக் கூடை கூடையாக வண்டியில் ஏற்றி மண்டிக்கு அனுப்புகிறார். மண்டிக்காரர் அதை விலைக்கு வாங்குவதில்லை. விவசாயிக்காக விற்றுக் கொடுக்கிறார். விற்கும் வரை சரக்கு விவசாயியுடையது, நட்டமும் அவருடையதே. விற்ற தொகையில் கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை கழித்து, போன வாரம் கொடுத்த முன்பணத்தையும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். பாடப் புத்தகத்தில் ‘அக்கவுண்ட் சேல்ஸ்’ என்று ஒரு பக்கம் விளக்கியிருப்பது அந்தச் சீட்டைத்தான், வேறெதையும் அல்ல. அப்பாதான் கன்சைனர். மண்டிக்காரர் கன்சைனி. வழியில் நசுங்கும் கொஞ்சம் தக்காளி வழக்கமான இழப்பு; வண்டி கவிழ்ந்தால் அசாதாரண இழப்பு. இரண்டையும் கணக்கில் வேறு வேறாகக் காட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதலாவதை மிச்சத் தக்காளியின் அடக்க விலையில் ஏற்ற வேண்டும், இரண்டாவதை லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இதைப் பையன் பிடித்துக்கொண்டால், அன்றைக்கு மண்டி கொடுத்த விலை தங்களுக்குக் கட்டுமா கட்டாதா என்று அப்பாவிடம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவான்.

ஆனால் அவனிடம் யாரும் “உங்கப்பா மண்டிச் சீட்டை நாளைக்கு எடுத்துட்டு வாடா” என்று சொல்வதில்லை. கன்சைன்மென்ட் என்றால் மும்பையும் கொல்கத்தாவும்தான் என்று மனப்பாடம் செய்து, பதிமூன்று மதிப்பெண் வாங்கி, அடுத்த செமஸ்டருக்குள் மறந்துவிடுகிறான்.

காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் இந்த இடைவெளி இன்னும் வலிக்கிறது. தர்மபுரியில் பட்டுப்புழு வளர்க்காத ஊர்ப்பக்கம் குறைவு. பட்டுக்கூடு ஏல அங்காடி நகரிலேயே இருக்கிறது. ஒரு ஏக்கர் மல்பெரி வைத்திருக்கும் வீட்டில் இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோல் உரித்த புழுவை வாங்கி வந்து, புழு வளர்ப்பு மனையில் விட்டு, வேளை தவறாமல் இலை போட்டு, படுக்கையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்புத் தூள் தூவி, கூடு கட்டியதும் பிரித்து, தரம் பார்த்து, அங்காடிக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு சுற்று ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். இதைவிடத் தெளிவான பேட்ச் காஸ்டிங் உதாரணம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? தொடக்கம் தெரியும், முடிவு தெரியும், மூலப்பொருள் எடை போட்டது, விளைபொருளும் எடை போட்டதே. பால் புழு நோய் வந்து தட்டு தட்டாகக் கொட்டினால் அது அசாதாரண இழப்பு.

அந்த வீட்டில் அடக்க விலை எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். புழு வாங்கிய காசு, மருந்து, வெளியாள் கூலி, அங்காடிக்குப் போன வண்டிச் செலவு. இவ்வளவுதான். விடிகாலையில் இலை அறுக்கும் அம்மாவின் உழைப்பு அதில் இல்லை. ராத்திரி இலை போட எழுந்திருக்கும் பாட்டியின் உழைப்பு இல்லை. மனை கட்டிய கடனுக்கு வட்டி இல்லை, மனைக்கும் தட்டுகளுக்கும் தேய்மானம் இல்லை, சொந்த நிலத்துக்கு வாடகை மதிப்பு இல்லை. ஏலத்தில் கிடைத்த பணத்திலிருந்து கைச்செலவைக் கழித்து மிஞ்சியதை லாபம் என்கிறார்கள். அதில் பெரும்பங்கு அந்த வீட்டுப் பெண்களின் கூலி. அதை லாபம் என்று எழுதினால் அவர்களுடைய உழைப்பு ஏட்டில் இல்லாமல் போகிறது.

நாடாளுமன்றத்திலும் டெல்லி எல்லையிலும் வருடக்கணக்கில் நடந்த குறைந்தபட்ச ஆதரவு விலைச் சண்டையும் இதே கேள்வியைப் பற்றியதுதான். வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் கைச்செலவை மட்டும் சேர்த்து ஏ2 என்று ஒரு செலவைப் போடுகிறது. அதோடு குடும்ப உழைப்பைச் சேர்த்து ஒன்று. சொந்த நில வாடகை, சொந்த முதலின் வட்டி எல்லாம் சேர்த்து சி2 என்று ஒன்று. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் 50 சதவீதமாவது கூடுதலாக விலை வேண்டும் என்று 2006-ல் சொன்னது. எந்தச் செலவுக்கு மேல் என்பதில்தான் அரசும் விவசாயிகளும் இன்றுவரை முட்டிக்கொள்கிறார்கள். காஸ்ட் ஷீட் போடத் தெரிந்த ஒரு பி.காம். மாணவியால் இந்த விவாதத்தின் இரு பக்கத்தையும் ஒரு தாளில் போட்டுக் காட்ட முடியும். அவளுடைய ஐந்தாம் செமஸ்டர் புராஜெக்ட், வீட்டு மனையின் ஒரு சுற்றுக் கணக்காக ஏன் இருக்கக் கூடாது? பத்து மாணவிகள் பத்து ஊரில் போட்டால், பட்டு வளர்ச்சித் துறைக்கே பயன்படும் தரவு கிடைக்கும். இப்போது அந்த புராஜெக்ட்டுக்கு ஜெராக்ஸ் கடையில் பழைய பிரதியை வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுக்கிறார்கள். ‘தனியார் வங்கி வாடிக்கையாளர் திருப்தி’ என்ற தலைப்பு ஆண்டுதோறும் உயிர்த்தெழுகிறது.

வட்டிக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த மாவட்டத்து வீடுகளில் கடன் இல்லாத வீடு அரிது. சங்கத்துக் கடன், மைக்ரோ பைனான்ஸ் கடன், உள்ளூர் பைனான்ஸ், நகை அடகு, வாரத் தவணை என்று ஒரே வீட்டில் நான்கைந்து பாஸ் புத்தகம் கிடக்கும். உள்ளூர் பைனான்ஸில் 40,000 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “நூத்துக்கு ஒரு ரூபாதான் வட்டி, ரெண்டு வருஷம்” என்கிறார்கள். மாதம் 400 ரூபாய் வீதம் 24 மாதத்துக்கு வட்டி 9,600, மொத்தம் 49,600, மாதத் தவணை ஏறத்தாழ 2,067. வருடத்துக்கு 12 சதவீதம்தானே என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகிறது. கடைசி மாதம் கையில் இருப்பது இரண்டாயிரம் ரூபாய்க் கடன். வட்டி மட்டும் நாற்பதாயிரத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. வணிகக் கணிதத்தில் ஆண்டுத்தொகைச் சூத்திரம் என்று படித்தது இதைக் கண்டுபிடிக்கத்தான். இந்தக் கணக்கை ஒரு மாணவி தன் தெருவில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினால் அந்தத் தெருவே அடுத்த முறை கேள்வி கேட்டுத்தான் கையெழுத்துப் போடும்.

மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதிமுறை வகுத்திருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடு இல்லாமல் கொடுப்பது மைக்ரோ பைனான்ஸ் கடன்; ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது; உண்மையான ஆண்டு வட்டியைத் தெளிவாக எழுதிய தகவல் தாளைக் கடன் வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, தாளும் கைக்கு வருகிறது, அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள் பி.காம். மாணவர்தான். வங்கியியல் பாடத்தில் இந்த விதிமுறைகளை ஒரு அத்தியாயமாக வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பாடத்திட்டம் காலத்தோடு ஓடுவதில்லை என்பது தனிக் கவலை. ஜி.எஸ்.டி.யில் 5, 12, 18, 28 என்று நான்கு அடுக்கு மனப்பாடம் செய்து முடித்த கையோடு, 2025 செப்டம்பர் 22 முதல் 12-ம் 28-ம் பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டன. வருமான வரியில் 1961 சட்டத்தின் பிரிவு எண்களை எழுதி எழுதிப் படித்தவர்கள் முன் இப்போது 2025-ன் புதிய சட்டம் நிற்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் அதுதான் நடைமுறை. பிரிவு எண்கள் எல்லாம் வேறு. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய், வரி ஆண்டு என்று ஒன்றே வந்திருக்கிறது. பாடத்திட்டக் குழு திருத்தம் செய்யும் வேகம் இதற்கு ஈடு கொடுக்காது. வரிப் பாடங்களை மட்டுமாவது ஆண்டுதோறும் திருத்த துறைத் தலைவர்களுக்கு அதிகாரம் வேண்டும்.

படிப்பு முடிந்ததும் போகும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஓசூர் தொழிற்சாலை, பெங்களூரு அலுவலகம், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவு, வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பத்தாவது படித்தவர் எழுதும் குரூப் 4 தேர்வுக்குப் பட்டதாரிகள் தட்டச்சு லோயர், ஹையர் முடித்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளூரிலேயே தங்க விரும்புகிறவர்களுக்கு ஆடிட்டர் ஆபீஸ். மாதம் 20-ம் தேதி நெருங்கினால் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலைக்காக அங்கே விளக்கு அணையாது. ரைஸ்மில்காரர் சாக்குப் பையில் கொண்டுவந்து கொட்டும் பில்களைத் தேதி வாரியாக அடுக்கி, டேலியில் ஏற்றி, போர்ட்டலோடு ஒப்பிட்டு, இடிக்கும் தொகையைத் தேடிப்பிடிக்கும் அந்தப் பெண்கள் செய்வது திறமையான வேலை. ஆனால் சம்பளம் துணிக்கடைச் சம்பளத்தைத் தாண்டுவதில்லை. மூன்று வருடப் படிப்பில் டேலியை நேரில் தொட்டுப் பார்த்த மணிநேரம் மிகக் குறைவு என்பதால், வெளியே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் காசு கட்டி மறுபடி படித்துவிட்டுத்தான் அந்த வேலைக்கே போகிறார்கள்.

இந்தப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண் சிசுக்கொலைக்கும் இளவயதுத் திருமணத்துக்கும் பேர் வாங்கிய பகுதி இது. தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்திலிருந்து இங்கே நீட்டிக்கப்பட்டது அதனால்தான். இந்த மாவட்டத்தில் பெண்ணுக்கு மூன்று வருடக் கல்லூரி என்பது மூன்று வருடம் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடும் அரணும்கூட. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், 2021 மே முதல் கிடைக்கும் நகரப் பேருந்தின் கட்டணமில்லாப் பயணமும் வீட்டில் அவள் பக்கம் நின்று பேசுகின்றன. “காலேஜ் போறதுக்கு நம்ம கைக்காசு போகல, உதவித்தொகை வேற வருது, படிச்சிட்டுப் போகட்டும் விடுங்க” என்று அம்மா அப்பாவிடம் சொல்ல முடிகிறது. மாணவர்களுக்கும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. ஆனாலும் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் வேலைக்கும், சீசனில் மாங்காய் லோடு ஏற்றவும் போகத்தான் செய்கிறார்கள். வருகைப் பதிவில் 75 சதவீதம் இடிக்கும்போது அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது நியாயமில்லை.

ஆசிரியர்களின் நிலையும் படிப்பின் தரமும் வேறு வேறல்ல. அரசுக் கல்லூரிகளின் வகுப்புகளில் பெரும்பகுதியைத் தாங்குகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். நெட், செட், பிஎச்.டி. என்று எல்லாத் தகுதியும் இருந்தும் ஆண்டுக்குப் பதினொரு மாதத் தொகுப்பூதியம். மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று யூ.ஜி.சி. 2019-ல் சொன்னதற்கு வெகு கீழேதான் அவர்கள் வாங்குவது. மே மாதம் சம்பளம் இல்லாத ஆசிரியரிடம், மண்டிக்குப் போய் மாணவர்களோடு கணக்கெடுங்கள், அங்காடிக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பணியிடங்களை நிரப்பாமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றுவது வீண் வேலை.

இன்னொரு கதவு இருக்கிறது, அதைத் திறந்துவிட்டால் போதும். பி.காம். சி.ஏ. என்று மகன் படிப்பதைச் சொல்லி, ஆடிட்டர் ஆகிவிடுவான் என்று நம்பியிருக்கும் பெற்றோரை இந்த மாவட்டத்தில் நிறையப் பார்க்கலாம். அந்த சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். சேர்க்கை நாளன்றே கல்லூரி அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உண்மையான சி.ஏ.வுக்கும் இந்த வகுப்பறையிலிருந்து வழி இருக்கிறது. வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தவர் பவுண்டேஷன் தேர்வு எழுதாமலே நேராக இன்டர்மீடியட் படிக்கப் பதிவு செய்யலாம். ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிக் காலமும் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அரசுக் கல்லூரியில் 55 சதவீதம் எடுப்பவர் ஆண்டுதோறும் எத்தனையோ பேர். அவர்களில் இந்த விதி தெரிந்தவர் சிலர். தெரிந்து பதிவு செய்தவர் அதனினும் சிலர். பதிவுக் கட்டணமும், பயிற்சிக்காகப் பெரிய ஊரில் இரண்டு வருடம் தங்கும் செலவும் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி கொடுக்கும் அரசு, இந்தப் பதிவுக் கட்டணத்தையும் ஏற்கலாம். ஆர்ட்டிகிள்ஷிப் காலத்துக்கு விடுதி இடம் ஒதுக்கலாம்.

பயிற்சி வகுப்புக்காகச் சேலம் வரை யாரும் அலைய வேண்டியதில்லை. கல்லூரி வகுப்பறைகள் சனிக்கிழமை பூட்டித்தான் கிடக்கின்றன. சேலத்தில் இருக்கும் பட்டயக் கணக்காளர் சங்கக் கிளையிலிருந்து வாரம் ஒருவர் வந்து போக பஸ்ஸில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களுக்குத் திரும்ப வேண்டிய மாணவர்களை மனதில் வைத்து, வகுப்பை மதியம் மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஜூனிலேயே மாவட்ட நிர்வாகம் இதை ஆரம்பிக்கலாம். அரசாணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.